வண்டி மருத்துவம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணே, என்னுடையது 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுகிற எண்ணிக்கை) 1500-க்கு ஏறுகிறது, 900-க்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி, கோடு (பழுதைக் காட்டும் குறியீட்டு எண்) எதுவும் வரவில்லை என்றார்கள். ஆனாலும் ஆக்சிஜன் சென்சாரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள். காசு போனதுதான் மிச்சம். இப்போது பிரேக் வேறு கொஞ்சம் கட்டையாக இருக்கிற மாதிரி தெரிகிறது.
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, பிரேக் விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். ஐட்லிங் (நிற்கிற வண்டியில் இன்ஜின் ஓடுவது) ஆடுவதும் பிரேக் கட்டையாவதும் சேர்ந்து வந்தால், மெனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) பிரேக் பூஸ்டருக்கு (பெடல் மிதிக்க லேசாக இருக்க உதவும் பாகம்) போகிற தடித்த ஹோஸில்தான் என் சந்தேகம். இதைப் பார்த்து முடிக்கிற வரை வண்டியை எடுக்காதீர்கள். பாம்பன் பாலத்தில் கடலை வேடிக்கை பார்க்க நடுரோட்டில் வண்டியை நிறுத்துகிறவர்கள் எந்நேரமும் உண்டு.

ஐட்லிங்கில் த்ராட்டில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கிற காற்றுக் கதவு) ஏறக்குறைய மூடித்தான் இருக்கும். பிஸ்டன் இழுக்கிற இழுப்பில் மெனிஃபோல்டுக்குள் வெற்றிடம், அதாவது வேக்குவம், உண்டாகும். நம்மைப் போல் கடல் மட்டத்தில் இருக்கிற ஊரில் வேக்குவம் கேஜ் மாட்டினால் நல்ல இன்ஜின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை காட்டும். (அதே வண்டி கொடைக்கானல் ஏறினால் ஏழு அங்குலம் போலக் குறையும், பயப்பட வேண்டாம்.) ஒரு ஹோஸ் வெடித்தால் த்ராட்டிலைத் தொடாமலே அந்த வழியாகக் காற்று நுழைகிறது. எங்கள் பேச்சில் ‘ஏர் இழுக்குது’. ஆக்சிலேட்டரை மிதித்ததும் த்ராட்டில் வழியாகவே நிறையக் காற்று வருவதால் இந்தக் கசிவு தெரியாமல் போய்விடும். உங்கள் வண்டி ரோட்டில் ஒழுங்காக ஓடுவது அதனால்தான்.

சரி, ஸ்கேனர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கிற மாஃப் சென்சார் வண்டி என்றால், திருட்டுக் காற்று கணக்கில் சேராமல் கலவை மெலிந்து பி0171 கோடு வரும். சின்ன கார்கள் பலவற்றில் இருப்பது மேப் சென்சார். அது மெனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்ப்பதால் கசிகிற காற்றும் கணக்கில் வந்துவிடும், கம்ப்யூட்டரும் அதற்குத் தக்கபடி பெட்ரோல் கொடுத்துவிடும். கோடு வராது, ஆர்பிஎம்தான் எகிறும். அளவு மீறியதும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும், இறங்கியதும் திரும்பக் கொடுக்கும். நீங்கள் பார்க்கிற ஏற்ற இறக்கம் அதுதான். ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் பக்கம் இருப்பது, காற்று எந்த வழியாக நுழைகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

முதலில் பிரேக் சோதனை. இன்ஜினை அணைத்து, பெடல் கட்டையாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் போகிறது. இறங்கவே இல்லையென்றால் ஹோஸ், அதிலுள்ள ஒருவழி வால்வு, பூஸ்டர் இந்த மூன்றில் ஒன்று. பெடலை மிதிக்கும்போது காலடியில் ‘உஸ்’ என்று கேட்டால் பூஸ்டருக்குள்ளேயே கிழிசல், அதை ஒர்க்‌ஷாப்பில்தான் பார்க்க முடியும்.

அப்புறம் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓட விடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற வெளியில் வைத்தால் சீறல் காதில் விழாது. சுவர் மறைவில் வையுங்கள், கதவு அடைத்த ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம், புகை ஆளைச் சாய்த்துவிடும். தோளில் துண்டோடு குனியவும் வேண்டாம், ரேடியேட்டர் ஃபேன் சொல்லிவிட்டுச் சுற்றாது. பிளேயரின் வாயில் துணி சுற்றி, ஹோஸை ஒவ்வொன்றாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஆட்டம் நிற்கிறதோ அந்தப் பாதையில்தான் ஓட்டை. நெளியாத கெட்டி ஹோஸ் என்றால் மெனிஃபோல்டு முனையில் கழற்றி அந்த வாயை அடைத்துப் பார்க்கலாம். அப்படியே ஓட்டிக் கிளம்பிவிடாதீர்கள்.

ஹோஸ் எல்லாம் சரி என்றால் மெனிஃபோல்டு கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு), த்ராட்டில் பாடி அடி, இன்ஜெக்டர் ஓ-ரிங் (பெட்ரோல் தெளிக்கும் பாகத்தின் ரப்பர் வளையம்), பிசிவி வால்வின் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மெனிஃபோல்டுக்கு அனுப்பும் வால்வு) ரப்பர் முழங்கை இவற்றின் மேல் தண்ணீரை மெல்லியதாக ஸ்ப்ரே செய்யுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு நுரை வருமா என்று காத்திருக்கிறார்கள் பலர். இங்கே காற்று உள்ளே போகிறது, நுரை எப்படி வரும்? தண்ணீர் ஓட்டையை அடைக்கும் நொடியில் சத்தம் மாறும், அதைக் கவனியுங்கள். கார்ப் கிளீனர் அடித்தும் பார்ப்பார்கள், ஆர்பிஎம் மாறும். ஆனால் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும். வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை, ஊதுபத்திப் புகையையும்தான். இதிலும் பிடிபடாவிட்டால் ஸ்மோக் மெஷின் உள்ள கடைக்குப் போங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு மெனிஃபோல்டுக்குள் புகை விடுவார்கள், ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும்.

மாற்றும்போது தண்ணீர் டியூபை வெட்டிச் சொருகாதீர்கள். வேக்குவம் இழுத்தால் அது சப்பி உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டருக்கு அதற்கென்றே வரும் ஹோஸ்தான். பிசிவிக்கு எண்ணெய் தாங்கும் ரப்பர் வேண்டும். நம் கரையோர வண்டிகளில் ரப்பருக்கு முன்னால் உப்புக் காற்றில் கிளிப்தான் துருப்பிடித்துத் தளர்ந்து போகிறது. புதுக் கிளிப்பை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டீசல் வண்டிக்கும் இந்தத் தொல்லை வருமா அண்ணே?
- வாசகர், சாயல்குடி

பதில்: இந்த மாதிரி வராது. டீசலில் மெனிஃபோல்டு வேக்குவத்தை நம்பாமல் தனி வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். அதன் ஹோஸ் கிழிந்தால் பிரேக் கட்டையாகும். டர்போவை வேக்குவத்தால் கட்டுப்படுத்தும் வண்டியில் பிக்கப்பும் குறையும். ஐட்லிங் ஆடினால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அரிச்சல்முனை (தனுஷ்கோடிக் கடல் முனை) வரை போய் வந்தோம். பானட்டைத் திறந்து இன்ஜினுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: வேண்டாம் தங்கச்சி. பிரஷரில் அடித்தால் கனெக்டருக்குள் தண்ணீர் ஏறும், புதுப் பிரச்சினை கிளம்பும். இன்ஜின் ஆறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, இரும்புக் கிளிப்புகளில் கிரீஸை விரலால் லேசாகத் தடவுங்கள். ரப்பரில் கிரீஸ் படக் கூடாது. வண்டியின் அடிப்பக்கத்தை மட்டும் தாராளமாகக் கழுவலாம்.