கேள்வி-பதில்: ட்ரீம் டீம் கார்டு வாங்கலாமா?

கேள்வி: 1992 ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்கக் கூடைப்பந்து அணியை (அதுதான் ட்ரீம் டீம்) வைத்து ஸ்கைபாக்ஸ் கம்பெனி போட்ட சேகரிப்புக் கார்டு, முழு செட். “இனி கிடைக்கவே கிடைக்காது” என்று 250 டாலர் சொல்கிறார்கள். வாங்கலாமா? (டல்லாஸ்)

பதில்: கிடைக்காத சரக்கை ஏன் இப்படிக் கூவி விற்கிறார்கள்? பன்னிரண்டு பேர் ஆடிய அணியை வைத்து 110 கார்டு போட்ட செட் அது. 90களின் தொடக்கத்தில் கார்டு கம்பெனிகள் அச்சடித்துத் தள்ளின. வாங்கியவர்களும் பின்னால் விலை ஏறும் என்று பெட்டியோடு பரணில் ஏற்றினார்கள். ஊரே பத்திரப்படுத்திய பொருள் எப்படி அபூர்வமாகும்? அதைவிட எரிச்சல், ஈபேயில் எவரோ கேட்கும் விலையை மார்க்கெட் விலை என்பது. கேட்பதற்குக் காசா, பணமா? விற்று முடிந்தவற்றை மட்டும் பார்க்கும் வசதி அங்கேயே இருக்கிறது, அதைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. 1994 அமெரிக்க அணியின் கார்டுகள், பிரிக்காத பெட்டி ஒன்றை வாய் பிளந்து வாங்கினேன். ஈரத்தில் மேல்பூச்சு இளகி, கார்டெல்லாம் ஒரே செங்கல். நகத்தால் பிரித்தேன். ஷாகில் ஓனீலின் மூக்கு அடுத்த கார்டின் முதுகோடு போய்விட்டது.

கேள்வி: கெட்டுப்போகாமல் இருக்க என் கார்டுகளை லேமினேட் செய்துவிட்டேன். மதிப்பு கூடுமா? (கோவை)

பதில்: ரேஷன் கார்டா அது? போச்சு.

கேள்வி: விற்பவர் சொன்னபடி பேபாலில் ‘நண்பர், குடும்பம்’ வகையில் பணம் அனுப்பினேன். இப்போது என்னை பிளாக் செய்துவிட்டார். (எடிசன்)

பதில்: அந்த வகையில் அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. முன்பின் தெரியாதவர் எப்போது உங்கள் குடும்பமானார்? சேவைக் கட்டணம் மிச்சம் என்றிருப்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு, கிரேடிங்கில் (கார்டின் நிலைக்குப் போடும் மதிப்பெண்) பத்துக்கு 10 வாங்கியதாக பிளாஸ்டிக் உறையில் வந்த மைக்கேல் ஜோர்டான் கார்டு வாங்கினேன். உறையில் இருக்கும் எண்ணை, மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ கம்பெனியின் தளத்தில் போட்டால் வேறு கார்டு வருகிறது. எனக்கு இதெல்லாம் தெரியாது. (சிகாகோ)

பதில்: தெரியாமல் போனதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, அம்மா. உறையையே போலியாகச் செய்கிறார்கள். சில போலிகளில் எண்கூடச் சரியாக இருக்கும், தளத்தில் படம் இருந்தால் அதோடும் ஒப்பிட வேண்டும். உறையை உடைக்காதீர்கள். அந்தத் திரையைப் படம் எடுத்து, முதலில் விற்பனைத் தளத்தில் புகார் கொடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்த கிரெடிட் கார்டு கம்பெனிக்குக் கடிதமாகவே எழுதுங்கள். அந்தத் தொகை வந்த முதல் பில்லை அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். போனில் சொன்னது மட்டும் போதாது. இன்றே எழுதுங்கள்.

கேள்வி: கையில் காசு குறைவு. யாரும் சீண்டாத கார்டாக ஏதாவது சொல்லுங்கள். (சிங்கப்பூர்)

பதில்: 1996 அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கார்டுகள். ஒலிம்பிக்குக்கு முன் 52 ஆட்டம், அட்லாண்டாவில் 8, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. இறுதியில் பிரேசிலை 111-87 என்று அடித்தார்கள். அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏ ஆட்டங்கள் 1997இல்தான் தொடங்கின, இந்தக் கார்டுகள் அதற்கும் முந்தியவை. 1996இல் அப்பர் டெக் கம்பெனி போட்ட செட்டில் லிசா லெஸ்லி, ஷெரில் ஸ்வூப்ஸ், ரெபெக்கா லோபோ எல்லோரும் இருக்கிறார்கள். “ஆண்கள் கார்டு மொத்தமாக” என்று விற்கும் கட்டுகளுக்குள் இவர்களும் கிடப்பதுண்டு. விற்பவர் போட்ட படத்தைப் பெரிதாக்கி, பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அப்புறம், லேமினேட் செய்யாதீர்கள்.