குளிர்காலத்தில் நம் ஊர்ப் பூச்செடிகள்: கேள்வி-பதில்

செப்டெம்பர் பிறந்தாலே ரொறன்ரோப் பக்கமிருந்து வருகிற கேள்விகளில் பாதி, "இப்பவே உள்ளே எடுக்கலாமா?" என்பதுதான். முதல் உறைபனி பெரும்பாலும் ஒக்டோபரில்தான் வரும். ஆனால் மல்லிகையும் செவ்வரத்தையும் அதுவரை தாங்காது. இரவில் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மல்லிகையை உள்ளே வைத்து இரண்டு கிழமைதான். இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. பசளை போடவா? (ஸ்காபரோ)

போடாதீர்கள். வெளியே வெயிலில் நின்ற செடிக்கு நம் வீட்டு யன்னல் வெளிச்சம் பாதி இருட்டு மாதிரி. அதற்கேற்பப் பழைய இலைகளைக் கழிக்கிறது. தெற்கு யன்னலில் வையுங்கள், மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேலும் கொட்டினால், இலைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அது செஞ்சிலந்திப் பேன். ஹீற்றர் ஓடுகிற வறண்ட வீடு அதற்குச் சொர்க்கம். கிழமைக்கு ஒருதரம் குளியலறையில் வைத்து இலையின் அடிப்பக்கம் படும்படி கழுவிவிடுங்கள். மார்ச்சில் துணிந்து வெட்டுங்கள், புதுத் தளிரில்தான் மொட்டு வரும்.

கார்த்திகைப்பூவைக் கார்த்திகையிலேயே இங்கே பூக்க வைக்க முடியாதா? (மார்க்கம்)

இந்தக் கேள்வி எனக்கும் பல வருடக் கவலை. ஊரில் மழையோடு முளைத்து வேலியில் ஏறிப் பூக்கிற கொடி இது. இங்கே மே கடைசியில் வெளியே வைத்தால் ஜூலை, ஓகஸ்ட்டில் பூத்துவிடும். கார்த்திகை வரும்போது கிழங்கு பேஸ்மென்ற்றில் தூங்கிக்கொண்டிருக்கும். நடுவதைத் தள்ளிப்போட்டு, செடிவிளக்குப் போட்டு வளர்த்துப் பார்க்கலாம். யன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் கொடி நீளும், பூ வராது. நான் ஓகஸ்ட் பூவோடு சமாதானமாகிவிட்டேன்.

கிழங்கைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். கொடி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். பூச்சாடியோடு அப்படியே 10 முதல் 15 பாகை உள்ள இடத்தில், காய்ந்த மண்ணில் விட்டுவிடலாம். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் சும்மா வரவில்லை, கலப்பை மாதிரியே வளைந்திருக்கும். முளை இருப்பது கிழங்கின் நுனியில் மட்டும். ஒருமுறை மண்ணை உதறுகிறேன் என்று அந்த நுனியை ஒடித்துவிட்டேன், கோடை முழுக்க வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம், இது கொல்சிசின் உள்ள கடும் நஞ்சு. வற்றாளைக்கிழங்கு, இஞ்சி வைக்கிற பக்கம் வைத்துவிடாதீர்கள்.

டாலியாக் கிழங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன், அழுகிவிட்டது. (பிரம்ப்டன்)

மூச்சுமுட்டி, வேர்த்து அழுகியிருக்கும். உறைபனியில் இலை கறுத்த பிறகு தோண்டி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, காய்ந்த மரத்தூள் போட்ட அட்டைப்பெட்டியில் 5 முதல் 10 பாகையில் வையுங்கள். மாதம் ஒருதரம் பாருங்கள். சுருங்கினால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், அழுகினதை வெட்டி எறியுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கோடும் பழைய தண்டின் அடித்துண்டு கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். கண் அங்கேதான். தனிக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. மணிவாழைக்கும் இதே பெட்டிதான், ஆனால் அது இவ்வளவு சிணுங்காது.

கராஜில் வைத்த போகன்விலாவில் ஒரு இலைகூட இல்லை. செத்துவிட்டதா? (மிசிசாகா)

நகத்தால் தண்டை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கராஜுக்குள் உறையாமல் இருந்தால் போதும், மாதம் ஒரு குவளை தண்ணீர் விட்டால் கிடக்கும். பாவம் பார்த்து ஊற்றுகிற தண்ணீர்தான் இதைக் கொல்லும். ஏப்ரலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இரவுகள் சூடான பிறகு, மே கடைசியில் வெளியே.

கடையில் "பனி தாங்கும் செவ்வரத்தை" என்று விற்கிறார்கள். நம்பலாமா? (ஏஜாக்ஸ்)

நம்பலாம், ஆனால் அது நம் செவ்வரத்தை இல்லை, அதன் உறவு. சாப்பாட்டுத் தட்டு அளவில் பூக்கிற வகை குளிரில் தரையோடு பட்டு, மறுபடி அடியிலிருந்து முளைக்கும். ஜூன் வரை ஒரு தளிரும் தெரியாது. அவசரப்பட்டுக் கிண்டிவிடாதீர்கள்.