ஆராரோவில் எத்தனை எழுத்து?

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 57 வயது. மணப்பாறைப் பக்கம் கிராமம். இரண்டாம் வகுப்போடு நிறுத்தி, தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் இருத்திவிட்டார்கள். பேங்கில் இன்றைக்கும் கைநாட்டுதான். திருச்சிக்கு என்னைப் பார்க்க வந்தால் பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்பார். யாராவது சலித்துக்கொண்டால் அன்று முழுக்க முகம் வாடிவிடும். ஆனால் பாட்டு என்றால் அவருக்கு உயிர். தாலாட்டு, நடவுப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு என்று இருநூறாவது தேறும். போன மாதம் சிலேட்டும் அரிச்சுவடியும் வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாள் அ, ஆ எழுதினார். அப்புறம் பரணில் போட்டுவிட்டார். "எனக்கு மண்டையில ஏறாதுடி" என்கிறார். இருநூறு பாட்டு ஏறிய மண்டையில் எழுத்து ஏறாதா? இந்த வயதில் முடியுமா?

பெயர் வெளியிட வேண்டாம்,
திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். ஆனால் அரிச்சுவடியை எடுக்கும் முன்னால் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவது. வரப்பில் தூரத்தில் மேயும் ஆடு தெளிவாகத் தெரியும், மடியில் இருக்கும் எழுத்து கலங்கும். படித்தவர்கள் பேப்பரை எட்டப் பிடித்துப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். படிக்காதவருக்கு அது தெரியவே வழியில்லை. தன் மண்டையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். ஊசியில் நூல் கோக்க அம்மா யாரையாவது கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் பெரிய அத்தை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு 19 வயது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் வந்து பாட்டும் நாடகமும் போட்டுத்தான் ஆட்களைத் திரட்டின. பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதே இயக்கத்தில்தான். எங்கள் தெருவில் நான் தொண்டர். இரவு எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கடியில் ஒன்பது பெண்கள் உட்காருவார்கள். அத்தைக்கு அப்போது 52. சுவரோரமாக, சிலேட்டை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தம்பி மகன் முன்னால் தப்பாக எழுதுகிறோமே என்ற கூச்சம். பத்து நாளில் நின்றுவிட்டார்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு சினிமாப் பாட்டுப் புத்தகம் இருந்தது. டாக்கீஸ் வாசலில் சில பைசாவுக்கு விற்பார்களே, கதைச் சுருக்கத்தை பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருக்குமே, அதுதான். ஒரு எழுத்து படிக்கத் தெரியாதவர் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று வாங்கி, கசங்காமல் அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். ஆராரோ, ஆரிரரோ. நான் சிலேட்டில் அதை அப்படியே எழுதிக் காட்டினேன். எண்ணிப் பாருங்கள், அதில் இருப்பது ஆ, ர, ரா, ரி, ரோ, ஐந்தே எழுத்து. அதிலும் ஆ தவிர மற்றதெல்லாம் ஒரே ர. துணைக்கால் போட்டால் ரா. தலையில் சுழித்தால் ரி. முன்னால் இரட்டைக்கொம்பும் பின்னால் துணைக்காலும் வைத்தால் ரோ. "வாயில ஒண்ணாத்தானே வருது, எழுத்துக்கு மட்டும் ஏண்டா ரெண்டு பக்கமும் காவல்?" என்றார் அத்தை. சரியான கேள்வி. தமிழ் படிக்கப் பழகும் பெரியவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான். கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, அதன் ஓசை வாயில் பின்னால் வருகிறது. பாடத் தெரிந்தவருக்கு ஓசை ஏற்கெனவே கைவசம் இருப்பதால் அந்தக் குழப்பம் சீக்கிரம் தெளிகிறது. குறிலும் நெடிலும் அப்படித்தான். 'பல்'லுக்கும் 'பால்'லுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டாம், தாளமே சொல்லும். துணைக்கால் எதற்கு என்று காட்டினால் போதும்.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். மனப்பாடம் படிப்பாகாது. இரண்டே வாரத்தில் அத்தை பாட்டுப் புத்தகத்தை விரித்து விரலை ஓட்டி முழுப் பாட்டையும் 'படித்தார்'. நானும் பூரித்துப்போனேன். பிறகுதான் பார்த்தேன், வாய் கடைசி அடிக்குப் போய்விட்டது, விரல் இன்னும் பல்லவியில் நிற்கிறது. அதன்பின் தாலாட்டு வரிகளைத் தினத்தாள் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி, சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டேன். கண்ணே, மானே, தேனே என்று தனித்தனியாக எடுக்கச் சொன்னேன். தடுமாறினார். கோபம்கூட வந்தது. நான் விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை 'மானே'யிலிருந்து மாவையும் 'ஆரிரரோ'விலிருந்து ரியையும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தாலாட்டில் இல்லாத சொல். அத்தை விரலை வைத்து "மா..." என்று இழுத்தார். நின்றார். "ரி." பிறகு ஒன்றும் பேசவில்லை. அந்தக் காகிதத் துண்டுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நார்த்தாமலை மாரியம்மனுக்கு ஆண்டு தவறாமல் நடந்து போகிறவர் அவர்.

நீங்களும் இந்த வழியில் போங்கள். அம்மா எந்தப் பாட்டை அடுப்படியில் தன்னை மறந்து பாடுகிறாரோ அதில் இரண்டு வரி எடுத்து, பெரிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதுங்கள். பாடும்போது விரல் அந்தந்தச் சொல்லில் நிற்க வேண்டும். ஒருநாளைக்கு இருபது நிமிடம் போதும். வரியைக் கலைத்துக் கேளுங்கள். வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றி எழுதி வையுங்கள். அதை அவர் கண்டுபிடித்துத் திட்டினால் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

செல்போனும் உதவும். அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி இதே யோசனையைத்தான் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். திரைப்பாட்டு ஓடும்போது அதன் வரிகளை அதே மொழியில் கீழே காட்டுவது, பாடப்படும் சொல் நிறம் மாறுவது. 1999-இல் குஜராத்தியில் தொடங்கி, 2002-இல் தூர்தர்ஷனின் இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியான 'சித்ரஹார்' வரைக்கும் வந்தது. யூடியூபில் தேடும்போது தமிழ் எழுத்தில் வரிகள் வரும் வீடியோவாகப் பாருங்கள். நிறைய பேர் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் இன்னொன்றைச் சொல்லிவிடுங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன் லை, ளை, னை எல்லாம் இப்போதைய கொம்புக்குப் பதிலாக யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்திருக்கும். அத்தை அதைப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் மறந்துபோனதென்று ஒருநாள் முழுக்க வருத்தப்பட்டார்.

கூட்டத்தோடு படிக்க அம்மாவுக்கு ஆசை வந்தால், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேளுங்கள். கூச்சப்பட்டால் இதைச் சொல்லுங்கள்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் தனியாள் இல்லை.

எழுத்து ஓரளவு கூடியதும் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அம்மாவின் நடவுப் பாட்டும் தாலாட்டும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவரே எழுதட்டும். அத்தை எழுதிய நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது, 41 பாட்டு. ல, ள, ழ மூன்றும் இடம் மாறிக் கிடக்கும். சில வரிகளில் 'ஆராரோ'வை மூச்சு இருக்கும் வரைக்கும் இழுத்திருக்கிறார், ராவுக்குப் பக்கத்தில் வரிசையாக நான்கைந்து துணைக்கால். நான் ஒன்றையும் திருத்தவில்லை.

அன்புடன்.