மணாலிப் பனியும் இரண்டரை வயது மகளும்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு மணாலி செல்கிறோம். பனி பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறோம். இரண்டரை வயது மகளைப் பனிக்குள் கொண்டுபோகவே கூடாது, சளி கட்டிக்கொள்ளும் என்கிறார் எங்களுடன் வரும் மாமியார். அவ்வளவு தூரம் போய் ரோதாங் கணவாயைப் பார்க்காமல் வருவதா என்கிறார் கணவர். எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் ஸ்வெட்டரும் உள்ளே போடப் பனியன்களும் வாங்கியாகிவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவருக்குப் பதில் சொல்லும் வேலையைக் குளிர்காலமே செய்துவிடுகிறது. 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோதாங் கணவாய்ச் சாலை, பனிப்பொழிவு வலுத்ததும் மூடப்பட்டு, பெரும்பாலும் கோடை தொடங்கிய பிறகே சுற்றுலா வண்டிகளுக்குத் திறக்கப்படும் என்பதால், டிசம்பர் கடைசியில் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். மீதி இருப்பவை இரண்டு இடங்கள். ஒன்று, மணாலியிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கும் சோலாங் பள்ளத்தாக்கு. மற்றொன்று, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையைக் கடந்தால் வரும் சிஸ்ஸு. சோலாங்கில் பனி விழுந்திருந்தால் சிஸ்ஸுவை மறந்துவிடுங்கள். சோலாங் ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரம். சிஸ்ஸுவோ 3,000 மீட்டருக்கும் மேல். தலைவலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லத் தெரியாத வயதில், உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் காரணமில்லாத சிணுங்கல், சாப்பாட்டை ஒதுக்குதல், வாந்தி ஆகியவற்றைக் கொண்டுதான் நாம் கண்டுகொள்ள வேண்டும். கண்டால் யோசிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். டெல்லியிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து சேரும் நாளிலேயே பனிக்குக் கிளம்பாதீர்கள். மணாலியில் ஓரிரவாவது தூங்கி எழட்டும்.

மாமியாரின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். அவர் அஞ்சுவது நம் ஊர் மார்கழிப் பனியை. விடியற்காலையில் தலையில் இறங்கும் அந்த ஈரத்துக்கும் மணாலியில் கிடக்கும் பனிக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. சளியைக் கொண்டுவருவது கிருமி. பனியைத் தொட்டதால் மட்டும் அது வந்துவிடாது. ஆனால் ஈரம் ஆகாது என்று அவர் சொல்வாரானால், அது முற்றிலும் சரி. குளிரில் உலர்ந்திருக்கும் குழந்தை தாங்கிக்கொள்ளும். நனைந்த குழந்தையின் உடல் சூட்டை ஈரத்துணி விரைவாக உறிஞ்சிவிடும். திருப்பூர்க்காரரிடம் பருத்தியைக் குறை சொல்வதற்கு மன்னியுங்கள். பருத்திப் பனியன் நனைந்தால் காய நெடுநேரம் ஆகும். மகளுக்கு அதற்குப் பதிலாகத் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும் என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். விரல் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறையே கதகதப்பானது. ஈரமான டயப்பரையும் உடனுக்குடன் மாற்றிவிடுங்கள்.

சாலையோரக் கடைகளில் பனி உடையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். பெரியவர்களுக்கு அது போதும். என் பேத்தியை இதே வயதில் சோலாங்குக்கு அழைத்துச் சென்றபோது, அப்படி எடுத்த பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்க்காமலே மாட்டிவிட்டோம். முந்தைய நாள் யாரோ போட்ட ஈரம் உள்ளே அப்படியே இருந்தது. கால் மணி நேரத்தில் அவள் வீறிட்டு அழ, வண்டிக்குத் தூக்கி வந்து, சில்லிட்ட இரு பாதங்களையும் என் மகன் தன் சட்டைக்குள் வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டான். (மரத்துப்போன விரல்களை இப்படி உடல் சூட்டில்தான் மீட்க வேண்டும்; தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் தவறு.) அதன்பின் அவளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரில் பனியை அள்ளிக் கொடுத்தோம். பின்சீட்டில் உட்கார்ந்து, அது தண்ணீராகும் வரை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவளுடைய பனிப் பயணம் அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

ஆகவே நாள் முழுவதையும் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மாற்றுங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பி, இருபது நிமிடம் விளையாடி, வண்டியில் சூடேற்றிக்கொண்டு மறுபடி இருபது நிமிடம் என்று இரண்டு மூன்று முறை விட்டுப் பிடித்தால், மதியத்துக்குள் மணாலிக்குத் திரும்பிவிடலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறவருக்கு வியர்க்கும்; அசையாமல் தொங்கும் குழந்தையின் கால்களோ விறைக்கும். அதனால் உங்களுக்குக் குளிரவில்லை என்பதை அளவாகக் கொள்ளாமல், அவளுடைய பிடரியில் அடிக்கடி கைவைத்துப் பாருங்கள். புதுப்பனி, சூரியனின் புறஊதாக் கதிரில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கறுப்புக் கண்ணாடியும் முகத்துக்குச் சன்ஸ்கிரீனும் அவசியம். ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர், இன்னொன்றில் கஞ்சி இருந்தால் சாப்பாட்டுக் கவலை இல்லை.

சீக்கிரம் திரும்பச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கப்பாதைக்கும் இடையே பனியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டன. பனி கொட்டத் தொடங்கினால், பார்த்தது போதும் என்று ஓட்டுநரைத் திருப்பச் சொல்லுங்கள். எங்காவது நின்றுவிட்டால், புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்து அகற்றாமல் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடக் கூடாது. நச்சுப்புகை வண்டிக்குள் திரும்பிவிடும். மகளுக்கு இப்போதே மூச்சிரைப்போ காதுவலியோ இருந்தால், புறப்படுமுன் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. மூவருக்கும் வாங்கியதை எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு என்ன வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. புடவையின் கீழ்க்கரை பனியில் நனைந்தால் முழங்கால்வரை ஈரம் ஏறும். அவருக்கும் ஒரு ஜோடி தெர்மலும் கம்பளிக் காலுறையும் நல்ல பூட்ஸும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.