கேள்வி–பதில்: பழைய கேனரும் புது பீன்ஸும்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இந்தக் கோடையில் தின்று தீராத அளவுக்கு பீன்ஸ் காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி, தாம் நெடுநாள் புழங்கிய பிரஷர் கேனரை (காய்களை ஜாடியில் அடைத்து, நீராவி அழுத்தத்தில் சூடேற்றிக் கெடாமல் வைக்க உதவும் பெரிய பாத்திரம்) கொடுத்திருக்கிறார். அதன் மூடியில் முள் ஓடும் மீட்டர் இருக்கிறது. அதை நம்பலாமா? ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரிலேயே நான்கு விசில் விட்டால் போதாதா?
– வாசகி, டென்வர், அமெரிக்கா

பதில்: குக்கர் வேண்டாம். அதற்குள்ளும் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியை எட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் சிறிய பாத்திரம் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறிவிடும், கேனருக்குரிய நேரக் கணக்கோ பெரிய பாத்திரம் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதையும் சேர்த்துப் போட்டது. குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகளாவது (குவார்ட் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்) கொள்ளாத பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை.

இத்தனை கண்டிப்புக்குக் காரணம், மண்ணில் வாழும் குளோஸ்டிரிடியம் போட்டுலினம் என்னும் நுண்ணுயிரி. அதன் வித்துகள் கொதிநீருக்கு அசைந்து கொடுப்பதில்லை. காற்றும் புளிப்பும் இல்லாத ஜாடிக்குள் அவை முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். முகர்ந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வித்துகளை அழிக்க 116 டிகிரியாவது வேண்டும். 5,280 அடி உயரத்திலுள்ள உங்கள் ஊரிலோ தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே, கடலோர ஊர்களில் 11 பவுண்டு அழுத்தம் போதுமென்றால், நீங்கள் முள் 13 பவுண்டில் நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பைன்ட் (ஏறக்குறைய அரை லிட்டர்) ஜாடிக்கு 20 நிமிடம், குவார்ட் ஜாடிக்கு 25 நிமிடம். இடையில் முள் 13-க்குக் கீழே இறங்கினால், மறுபடி ஏற்றி, நேரத்தை முதலிலிருந்தே எண்ணுங்கள். வெயிட் போடுவதற்கு முன் 10 நிமிடம் நீராவியைச் சீறவிட வேண்டும். உள்ளே காற்று தங்கினால், முள் சரியான அழுத்தத்தைக் காட்டினாலும் வெப்பம் குறைவாகவே இருக்கும்.

அந்த மீட்டரைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சோதிக்க வேண்டும். உங்கள் கவுன்ட்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் செய்து தருகிறார்கள். 2 பவுண்டுக்கு மேல் பிசகினால் புதிது வாங்கிவிடுங்கள். மூடியைக் கழுவும்போது மீட்டர் தண்ணீரில் முங்கக் கூடாது. நீராவிக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியாவிட்டால், நூலில் கட்டிய துணிக்கீற்றை உள்ளே இழுத்து அடைப்பை எடுங்கள். கேஸ்கெட்டை வளைத்துப் பார்த்து, விறைப்போ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தெடுத்து இன்னும் ஒரு மாதம் ஓட்டும் நம் வீட்டுச் சிக்கனம் இங்கே செல்லாது. குழாயடியில் காட்டி ஆற்றுவதும் கூடாது: ஜாடிக்குள் இருக்கும் நீர் வெளியே பொங்கி, மூடி பிடிக்காமல் போய்விடும். முள் தானாகப் பூஜ்யத்துக்கு வந்தபின் வெயிட்டை எடுத்து, மேலும் 10 நிமிடம் கழித்துத் திறங்கள்.

கேள்வி: தக்காளியை ஜாடியில் அடைக்கும்போது, பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாற்றைத்தான் ஊற்ற வேண்டுமாம். வீட்டில் பிழிந்த சாறு ஆகாதா?
– அதே வாசகி

பதில்: ஆகாது. தக்காளியின் புளிப்பு, பாதுகாப்பான எல்லையாகிய பிஎச் 4.6-ஐ (பிஎச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஒட்டியே, ரகத்துக்கு ரகம் மாறுகிறது. எலுமிச்சையின் புளிப்பும் பழத்துக்குப் பழம் வேறுபடும். பாட்டில் சாற்றில் அது ஒரே சீராக இருக்கும். பைன்ட் ஜாடிக்கு 1 மேசைக்கரண்டி, குவார்ட்டுக்கு 2. புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் கொஞ்சம் சர்க்கரை சேருங்கள், சாற்றைக் குறைக்காதீர்கள்.