ஆட்டிசம் உள்ள குழந்தை வீட்ல கத்துது, கடிக்குது, காரணத்த பெத்தவங்களே எப்படி கண்டுபிடிக்கிறது?
இதுக்குப் பேரு நடத்தை மதிப்பீடு, அதாவது குழந்தை ஒண்ண ஏன் செய்யுதுன்னு தேடுறது. தெரபிஸ்ட் கொஞ்ச நேரம்தான் பாக்குறாங்க, மீதி நேரம் பூரா கூட இருக்கறது நீங்க, அதனாலதான் இப்படி காரணம் தேடுறதுக்கு பெத்தவங்க உங்களுக்கே ட்ரெய்னிங் கொடுக்கிறாங்க. முன்னாடி என்ன நடந்துச்சு, குழந்தை என்ன செஞ்சுது, அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஒவ்வொரு தடவையும் எழுதணும். "அடம்"னு எழுதாதீங்க, "டிவிய ஆஃப் பண்ணதும் கைய கடிச்சுக்கிட்டான், திரும்ப போட்டேன், நிறுத்திட்டான்"னு எழுதுங்க, அதுலயே பாதி பதில் இருக்கு பாருங்க. காய்ச்சல் மாதிரிதான், சூட்ட மட்டும் குறைச்சா போதாது, எதனால வந்துச்சுன்னு பாக்கணும். திடீர்னு ஆரம்பிச்சா பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கான்னு முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.

காரணம் தேடுறதே செல்லம் கொடுக்குறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லவே இல்ல, கடிக்கிறதுக்குப் பதிலா வாயாலயோ சைகையாலயோ கேக்க கத்துக்கொடுக்கத்தான் அது தெரியணும்.