பாடகர் வாழாத வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் நகரத்தின் பழைய கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். புகழ்பெற்ற பாடகர் ஒருவர் ஒரு காலத்தில் இங்கே வாழ்ந்தார் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஆர்வத்தில் பழைய ஆவணங்களைத் தேடத் தொடங்கினேன். பாடகரின் பெயர் எங்கும் இல்லை. கிடைத்தவர்கள் எல்லாம் எழுத்தர்கள், தையல்காரர்கள், ஒரு மருத்துவச்சி, வாடகை பாக்கிக்காக வழக்கில் சிக்கிய ஒரு குடும்பம். முதல் மாடியில் நடந்த ஓர் அகால மரணத்தைப் பற்றிய பழைய செய்தியும் கண்ணில் பட்டது. பெரிய மனிதர் யாரும் வாழாத கட்டடத்துக்கு வரலாறு என்று ஒன்று உண்டா? இருந்தால் அதை எப்படித் தேடுவது? அந்த மரணத்தைப் பற்றி இப்போது அங்கே குடியிருப்பவர்களிடம் சொல்வது முறையாகுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பாடகர் கிடைக்கவில்லை என்ற ஏமாற்றம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. எனக்கோ அவர் கிடைக்காமல் போனது நல்லதாயிற்று என்றே தோன்றுகிறது. கிடைத்திருந்தால் அவரோடு தேடலை முடித்துக்கொண்டிருப்பீர்கள். மருத்துவச்சியும் தையல்காரர்களும் உங்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

பாரிஸில் மோன்மொரான்சி தெருவின் 51ஆம் எண் வீடு 1407இல் கட்டப்பட்டது. அந்த நகரத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கல்வீடு என்று அதைச் சொல்வது வழக்கம். ஊரார் வாயில் அது நிக்கோலா ஃபிளமேலின் வீடு. கையெழுத்துப் பிரதிகளை எழுதியும் விற்றும் பொருள் சேர்த்தவர் ஃபிளமேல். அவர் இறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, ஈயத்தைப் பொன்னாக்கத் தெரிந்த ரசவாதி என்ற கதை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கதையைக் கேட்டு வந்தவர்கள்தான். ஆனால் ஃபிளமேல் அதில் குடியிருந்ததே இல்லை. அவர் வாழ்ந்ததும் தொழில் நடத்தியதும் வேறு தெருவில். இந்த வீட்டை அவர் கட்டியது ஏழைகள் தங்குவதற்காக. அப்படித் தங்கியவர்கள் யார் என்பதை அறிய எந்தக் காப்பகத்துக்கும் போக வேண்டியதில்லை, முகப்புச் சுவரிலேயே செதுக்கியிருக்கிறது. இந்த வீட்டின் முன்வாசலில் குடியிருக்கும் உழைப்பாளிகளான ஆண்களும் பெண்களுமாகிய நாங்கள், இறந்துபோன பாவிகளுக்காக ஒவ்வொருவரும் நாள்தோறும் இன்னின்ன ஜெபங்களைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிறது அந்த வாசகம். வாடகைக்குப் பதில் ஜெபம் என்று வைத்துக்கொள்ளலாம். அறுநூறு ஆண்டுகளாகத் தெருவைப் பார்த்தபடி இருக்கும் அந்த வரிகள், அங்கே வாழ்ந்தவர்கள் கூலிக்கு உழைத்தவர்கள் என்று சொல்கின்றன. அப்படியிருந்தும் வீட்டின் பெயர் அங்கே வாழாதவருக்குப் போய்விட்டது. உங்கள் பாடகரும் இந்த வகையாக இருக்கக்கூடும். ஒருவேளை கட்டடத்தின் உரிமையாளராக இருந்திருப்பார். ஒருவேளை யாரையாவது பார்க்க வந்து போயிருப்பார்.

பெரிய மனிதர் உண்மையிலேயே வாழ்ந்த வீடுகளிலும் கணக்கு விசித்திரமானதுதான். லண்டனில் புகழ்பெற்றவர்களின் வீட்டுச் சுவரில் பெயர்ப்பலகை பதிக்கும் திட்டம் 1866இல் தொடங்கியது. புரூக் தெருவில் 25ஆம் எண் வீட்டின் பலகை இசையமைப்பாளர் ஹாண்டலுடையது. புதிதாகக் கட்டிய அந்த வீட்டுக்கு 1723இல் குடிவந்து, 1759இல் அங்கேயே இறந்தார். கடைசி வரை வாடகைக்குத்தான் இருந்தார். அடுத்த வாசலான 23ஆம் எண்ணின் மேல்மாடியில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் 1968, 1969 ஆண்டுகளில் சில மாதங்கள் தங்கியிருந்தார். இரண்டு பலகைகளும் இன்று அருகருகே இருக்கின்றன. இந்தத் தற்செயல் எனக்கும் பிடித்ததுதான். ஆனாலும் இவருக்கும் அவருக்கும் நடுவே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த அறைகளில் தூங்கி எழுந்தவர்களுக்குச் சுவரில் இடமில்லை. பலகை எனக்குச் சொல்வது, ஒரு கட்டடத்தின் ஆயுளில் எந்தச் சில ஆண்டுகளை நகரம் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதை மட்டுமே.

இதற்கு நேர் எதிராக ஒரு கட்டடம் இருக்கிறது. நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண். ஜெர்மனியிலிருந்து குடியேறிய லூகாஸ் கிளாக்னர் என்ற தையல்காரர் 1863இல் கட்டிய ஒண்டுக்குடித்தனக் கட்டடம் அது. 1935 வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறக்குறைய 7,000 பேர் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். புதிய கட்டட விதிகளுக்கு ஏற்பச் செலவு செய்து மாற்றுவதைவிடக் காலி செய்துவிடுவதே மலிவு என்று முடிவுசெய்த உரிமையாளர், 1935இல் குடியிருந்தவர்களை வெளியேற்றி, மேல்மாடிகளைப் பூட்டிவிட்டார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டியே கிடந்த அந்த மாடிகள் 1988இல் அருங்காட்சியகம் அமைக்க இடம் தேடியவர்களின் கண்ணில் பட்டன. அங்கே ஒரு பெரிய மனிதரும் வாழவில்லை. அதுவே அந்த இடத்தின் சிறப்பு.

அங்கே மீட்டெடுக்கப்பட்ட கதைகளில் நத்தாலி கும்பெர்ட்ஸின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1874இல் ஒரு நாள் அவருடைய கணவர் ஜூலியஸ் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. நத்தாலி துணி தைத்துக் கொடுத்துக் குழந்தைகளை வளர்த்தார். இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியவந்தது? 1883இல் அவர் நீதிமன்றத்துக்குப் போனார், காணாமல் போன கணவரை இறந்தவராக அறிவிக்கும்படி கேட்டார். ஜூலியஸின் தந்தை விட்டுச்சென்ற 600 டாலர் பரம்பரைச் சொத்து அந்த அறிவிப்பு இல்லாமல் கைக்கு வராது. அந்த மனு இல்லையென்றால், அந்தத் தெருவில் அதே ஆண்டுகளில் ஊசி பிடித்த எத்தனையோ பெண்களைப் போல நத்தாலியும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வரியாக மட்டுமே மிஞ்சியிருப்பார்.

சாதாரண மனிதர்கள் காகிதத்தில் ஏறுவது பெரும்பாலும் கஷ்டம் வந்த நாளில்தான். கடன், வழக்கு, நோய், மரணம், போலீஸ், வரி பாக்கி ஆகியவையே அவர்களை எழுதிவைக்கின்றன. நிம்மதியாகக் கழிந்த இருபது ஆண்டுகளுக்கு ஒரு வரி கிடைக்காது. குடித்துவிட்டுச் சண்டை போட்ட ஓர் இரவுக்கு இரண்டு பக்கம் கிடைக்கும். இதை மறந்துவிட்டு ஆவணங்களைப் படித்தால், பழைய கட்டடங்களில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் எப்போதும் துன்பத்திலும் குற்றத்திலும் கிடந்தார்கள் என்றுதான் தோன்றும். சார்ல்ஸ் பூத் என்ற ஆய்வாளர் லண்டன் தெருக்களை வருவாய் நிலைப்படி வண்ணமிட்டு வரைபடம் வெளியிட்டார். செல்வர்களின் தெருக்கள் மஞ்சள். மிக ஏழைகளின் தெருக்கள் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு அவர் தந்த விளக்கத்தில் தீய வழியினர், பாதிக் குற்றவாளிகள் என்ற சொற்கள் இருந்தன. 1890களின் பிற்பகுதியில் அவருடைய ஆட்கள் தெருத்தெருவாகப் போய்க் குறிப்பெடுத்தார்கள். கூடவே நடந்து விளக்கம் சொன்னவர்கள் அந்தந்தப் பகுதிக் காவலர்கள். பயனுள்ள குறிப்புகள்தான், ஒப்புக்கொள்கிறேன்; ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்ததா, கதவு திறந்து கிடந்ததா என்றுகூட எழுதியிருப்பார்கள். ஆனால் காவலர் சொன்ன தெரு அது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாடகை பாக்கி வழக்கையும் இந்த எச்சரிக்கையோடு படியுங்கள். அந்தக் குடும்பம் ஒழுங்காக வாடகை கொடுத்த மாதங்களுக்கு ரசீதுகள் இருந்திருக்கும். அவற்றை யாரும் காப்பகத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

தேடும் முறையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் கதவு எண்ணைச் சந்தேகியுங்கள். நகரங்கள் வளரும்போது தெருக்களுக்குப் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். சிகாகோ நகரம் 1909இல் தன் தெரு எண்களை ஒட்டுமொத்தமாக மாற்றியமைத்தது. அதற்கு முந்தைய விலாசத்தை இன்றைய எண்ணோடு பொருத்திப் பார்த்தால் வேறு ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலில் போய் நிற்பீர்கள். எண் மாற்றப் பட்டியல் கிடைக்காத இடங்களில் நிலையான ஒன்றை, ஒரு தெருமுனையையோ தேவாலயத்தையோ, அடையாளமாக வைத்து வீடுகளை வரிசையாக எண்ணிக்கொண்டு வருவதே வழி. பாடகர் உங்கள் கட்டடத்தில் இல்லாமல், பழைய கணக்கில் அதே எண்ணைக் கொண்டிருந்த வேறொரு கட்டடத்தில் இருந்திருப்பதும் நடக்கக்கூடியதே.

அடுத்தது இடைவெளிகள். கணக்கெடுப்பில் பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகாது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழானது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் எரிந்தன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1939 செப்டம்பரில் போர்க்காலத் தேவைக்காக எடுத்த பதிவேடு மட்டும் நடுவில் ஒரு படிக்கல்லாக இருக்கிறது. இத்தகைய பள்ளங்களை, யார் எந்த விலாசத்தில் இருந்தார் என்று அச்சிட்ட நகர விவரப் பட்டியல்கள், வாக்காளர் பட்டியல்கள், வரிப் புத்தகங்கள், வாடகைக்கு விடும் விளம்பரங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு நிரப்பலாம். பத்திரங்கள் உரிமையாளரைச் சொல்லும், குடியிருந்தவரைச் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பிறந்த வதந்திகள் ஏராளம்.

தீக்காப்பீட்டு வரைபடங்களை விட்டுவிடாதீர்கள். 1867 முதல் அமெரிக்க நகரங்களுக்கு சான்பார்ன் நிறுவனம் வரைந்தவை இவற்றில் பெயர்பெற்றவை. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள்; எத்தனை மாடி, கீழே கடையா குடியிருப்பா என்பதெல்லாம் குறித்திருக்கும். எந்தக் கட்டடம் எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் அறிந்துகொள்ள வரைந்த வரைபடங்கள் அவை. அதனால் அவற்றில் ஒருவருடைய மானமும் புகழும் கலக்கவில்லை, அளவுகள் மட்டுமே இருக்கின்றன. சில ஆண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பின்கட்டு எப்போது முளைத்தது, தொழுவம் எப்போது பட்டறையானது என்பது தெரிந்துவிடும்.

காகிதம் முடிந்த இடத்தில் சுவரைப் பாருங்கள். ஆர்ச்சர்ட் தெருக் கட்டடத்தில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மூன்று அறைகள். வெளியே திறக்கும் ஜன்னல்கள் அவற்றில் ஓர் அறைக்குத்தான் இருந்தன. அந்த முன்னறைக்கும் உள்ளே இருக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள் பார்க்கும் ஜன்னல் எதற்கு என்று முதலில் விளங்காது. இருட்டறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியபோது, வெளிச்சுவர் இல்லாத அறைக்கு உரிமையாளர்கள் கண்டுபிடித்த மலிவான வழி அது. இரண்டு குடித்தனங்களுக்கு ஒரு கழிப்பறையாவது கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்று 1901ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதற்கு முன்பு எல்லா மாடிக்காரர்களும் பின்முற்றத்துக்கு இறங்கிப் போனார்கள். நள்ளிரவில், மழையில், கைக்குழந்தையோடு ஐந்து மாடி இறங்கிய ஒரு பெண்ணைப் பற்றி எந்த ஆவணமும் எழுதவில்லை. படிக்கட்டின் தேய்மானத்தில் அவருடைய பங்கும் இருக்கிறது. உங்கள் கட்டடத்திலும் அடைத்த கதவுகள், தரையில் நடுவே ஓடும் ஒட்டு, காரணமில்லாமல் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் என்று ஏதாவது இருக்கும். பெரிய அறை எப்போது இரண்டாகப் பிரிந்தது என்று தெரிந்தால், குடும்பம் ஒன்று போய் ஒண்டுக்குடித்தனக்காரர்கள் வந்த காலம் தெரியும்.

இனி அந்த மரணம். சட்டங்கள் இதை விற்பவரையும் வாடகைக்கு விடுபவரையும் மனத்தில் வைத்து அணுகியிருக்கின்றன. கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுகளுக்குள் நடந்த மரணத்தை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜப்பானிய அரசு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாடகை வீடுகளுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு என்றே கொண்டு, முதுமையாலோ நோயாலோ நேரும் இயல்பான மரணங்களைச் சொல்லத் தேவையில்லை என்றது. பக்கத்துக் குடித்தனக்காரரான உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. என் கருத்து இதுதான்: அவர்களாகக் கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காதவரிடம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். தான் தூங்கும் அறையைப் பற்றி அறியாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு.

பொதுவில் நினைவுகூர வேண்டிய மரணங்கள் வேறு வகை. நாஜிகளால் வீட்டிலிருந்து இழுத்துச்செல்லப்பட்டவர்களுக்காக குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992 முதல் நடைபாதைகளில் பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகடு பொதிந்த கற்களைப் பதித்துவருகிறார். பெரும்பாலானவை ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கும். 2023இல் அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. அங்கேகூட ஒரே கருத்து இல்லை. இறந்தவர்களின் பெயர் காலில் மிதிபடக் கூடாது என்று யூத சமூகத் தலைவர்களே எதிர்த்ததால், மியூனிக் நகரம் பொது நடைபாதைகளில் அவற்றை அனுமதிக்கவில்லை; அதற்குப் பதிலாகச் சுவரில் கண்மட்டத்தில் தகடு வைக்கிறது. ஒரு நகரம் செய்த குற்றத்தை அந்த நகரத்துக்கு நினைவூட்டுவது வேறு, ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட துயரத்தை மாடிப்படியில் பேசுபொருளாக்குவது வேறு. நீங்கள் கண்டெடுத்தது இரண்டாவது வகை.

எதை எப்போது வெளியிடலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நியாயமான அளவுகோல் கணக்கெடுப்புத் துறைகளுடையது. அமெரிக்காவில் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகளும் பிரிட்டனில் 100 ஆண்டுகளும் மூடியே இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எதை எடுத்துக்கொண்டாலும் சரி. அதற்குள் வருகிற பெயர்களை உங்கள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து. கட்டடத்தின் கதையை எழுதும்போது அவர்களைத் தொழிலைக் கொண்டு குறிப்பிடுங்கள். மருத்துவச்சியின் பேரப்பிள்ளைகள் யாராவது உங்களைத் தேடிவந்து கேட்டால், பெயரை அவர்களிடம் கொடுங்கள்.